பெஞ்சுக்குத்தான் பணம்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை வந்தால் ஹார்க்கர் ஊரில் யார் வீட்டிலும் அடுப்பு எரியாது. ஊரே தீயணைப்பு மண்டபத்தில் வரிசை கட்டி நிற்கும், பொரித்த மீனுக்கும் உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டைக்கும். நன்கொடை கேட்க இதைவிட நல்ல இடம் பென்சில்வேனியாவிலேயே கிடையாது என்று வெர்னா ஹூடாக் கணக்குப் போட்டாள். பசியோடு நிற்கிறவன் பர்ஸைக் கையிலேயே வைத்திருப்பான் அல்லவா? காபி டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு, அதன் மேல் ‘ரயில்தடம், மார்லோ வரை’ என்று எழுதி ஒட்டி, வரிசை தொடங்கும் இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

விழுந்ததெல்லாம் சில்லறை. மீன் வாங்கின மிச்சத்தைப் போட்டுவிட்டு, பெரிய தர்மம் செய்த முகத்தோடு ஒவ்வொருவரும் நகர்ந்தார்கள்.

அந்த ஊர் வழியாக ரயில் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோன பிறகு, கிடந்த மண்மேட்டில் சுண்ணாம்பு ஜல்லிப்பொடி பரப்பி நடைபாதையாக்கினார்கள். ஹார்க்கரில் கிளம்பி ஆற்றோரமாக மூன்று மைல் நன்றாகத்தான் போகும். பக்கத்து ஊரான மார்லோவுக்கு ஒன்றரை மைல் இருக்கும்போது முட்புதரில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும். மேற்கொண்டு மார்லோ போக வேண்டுமென்றால் சரிவில் ஏறி நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். அந்தச் சாலைக்கு ஓரம் என்று ஒன்று கிடையாது. வெள்ளைக் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

வெர்னா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப் பேரைக் குழந்தையாக ஏற்றி இறக்கியிருக்கிறாள். ‘உட்காருடா’ என்று கண்ணாடியில் பார்த்தே அடக்கியவள். அப்படிப்பட்டவள் இப்போது அதே பிள்ளைகளைப் பார்த்து டப்பாவை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“வெர்னா! உன்னத்தான் தேடிட்டிருந்தேன்” என்று வந்தார் டிக் வெஸ்ட்லேக். கார் விற்பவர், கையில் காசுள்ளவர். “பாதைக்குச் செக் எழுதிக் கொண்டாந்திருக்கேன்.”

வெர்னாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

“ஒரு பெஞ்சு போடணும். நம்ம டியூக் பேர்ல. நல்ல பித்தளைத் தகடா இருக்கணும்.”

“டியூக் யாரு?”

“என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? என் நாயி! போன மாசம்தான போச்சு.”

வெர்னா திரும்ப உட்கார்ந்தாள். “டிக், ஏற்கெனவே இருபது பெஞ்சு கெடக்கு. உக்கார ஆளில்ல. அந்தச் செக்க ஜல்லிக்குன்னு மாத்திக் குடுங்க. பாதைக்கு அடியில மதகுக் குழாய் அடைச்சுக்கிட்டு, பனி உருகற தண்ணி வருஷா வருஷம் பாதையோரத்த அரிச்சுத் தள்ளுது. நாலாவது பெஞ்சச் சுத்தி மண்ணே போயி, அதுகிட்ட போக வழியே இல்ல, தெரியுமா? அது தனியாத் தீவு மாதிரி நிக்குது.”

“ஜல்லில எப்படிம்மா பேர் எழுதறது?” என்று நியாயமாகக் கேட்டார் டிக்.

இதுதான் ஹார்க்கரின் வியாதி. யார் செத்தாலும் பெஞ்சு. தாத்தாவுக்குப் பெஞ்சு, அத்தைக்குப் பெஞ்சு, இப்போது நாய்க்கும் பெஞ்சு. நடக்கத்தான் பாதை போட்டார்கள் என்பதையே மறந்துவிட்டு, உட்கார இடம் வாங்கிக்கொண்டிருந்தது ஊர்.

வெர்னா நடத்தும் பாதைக் குழுவின் பொருளாளர் ஆர்லீன் பிரைஸ், வங்கியில் காசாளராக இருந்தவள், சாது. அவள்தான் ஒரு யோசனை சொன்னாள்: மதகுக் குழாய்க்கும் பேர் வைத்துவிட்டால் என்ன? வெர்னா அதையும் செய்து பார்த்தாள். கிழவி திருமதி ட்காச் வீட்டுக்குப் போய், அவள் கணவர் பெயரில் ஒரு மதகு கட்டலாம், முகப்பில் கல்லே பதிக்கலாம் என்று தேனொழுகச் சொன்னாள். கிழவி காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“நாப்பது வருஷம் சுரங்கத்துக்குள்ள இடுப்பளவு தண்ணியில நின்ன மனுசன்டி. செத்தப்புறமும் தண்ணிக்குள்ளதானா?”

பெஞ்சுக்கு என்று பணம் கொடுத்தனுப்பினாள். வெர்னா வாங்கிக்கொண்டு வந்தாள். வேறென்ன செய்வது?

மாநில அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி முன்பே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: ஊர் ஒரு பங்கு திரட்டினால் அரசு ஒரு பங்கு போடும், ஊர் போடாவிட்டால் அரசும் போடாது. எப்படித் திரட்டுவது என்றும் அவரே வழி சொன்னார். ‘சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், ஊரில் வியாபாரம் பெருகும் என்று எடுத்துச் சொல்லுங்கள். அதுதான் எடுபடும்.’ வெர்னாவும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். சைக்கிளில் வெளியூர்க்காரர்கள் வருவார்கள், ஐஸ்கிரீம் வாங்குவார்கள், தங்குவார்கள் என்று தெருத் தெருவாக, வீடு வீடாகச் சொன்னாள். சுவரொட்டியிலும் ஐஸ்கிரீம் படமே போட்டாள்.

ஹார்க்கரில் ஒருவருக்கும் வெளியூர்க்காரன் வேண்டியிருக்கவில்லை. ஐஸ்கிரீமை அவர்களே தின்றுகொள்வார்கள்.

கடைசியாக அவள் நம்பியிருந்தது பெர்னி யுர்கோவை. தீயணைப்புப் படைத் தலைவர். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். வருஷத்துக்கு ஒருமுறை துப்பாக்கியைப் பரிசாக வைத்து அவர் நடத்தும் குலுக்கல் சீட்டுக்கு அக்கம்பக்கத்து வேட்டைக்காரர்கள் எல்லாரும் திரண்டு வருவார்கள், பணம் கொட்டும். அதில் ஒரு பங்கு கேட்கலாம் என்று, மீன் பொரிக்கும் சட்டிக்குப் பக்கத்திலேயே போய் நின்றாள்.

“மார்லோ வரைக்குமா?” என்றார் பெர்னி, கரண்டியைத் திருப்பிக்கொண்டே. “ஏம்மா, அந்தப் பயலுகளுக்கு நாம காசு போட்டு ரோடு போட்டுத் தரணுமா? கால்பந்து ஃபைனல்ல கடைசி நிமிஷம் நம்ம பையன இடறிவிட்டு ஜெயிச்சவனுங்க.”

“அது நடந்து பதினாறு வருஷமாச்சு பெர்னி.”

“அதுக்கு?”

“அந்தப் பையனுக்கே இப்ப தலை வழுக்கையாயிடுச்சு!”

“வழுக்கையானா மறந்துடுமா? போ, போ, மீன் ஆறிடும். சாப்பிட்டுட்டுப் போ. காசு வேணாம்.”

இலவச மீனைத் தட்டில் வாங்கிக்கொண்டு நின்றாள் வெர்னா. பேருந்துக் கண்ணாடியில் இவன் மூஞ்சி தெரிந்திருந்தால் ஒரே அதட்டலில் அடக்கியிருப்பாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெர்னாவுக்கு வெளியூர்க்காரன் சைக்கிளும் வேண்டாம், ஐஸ்கிரீமும் வேண்டாம். அவளுக்கு வேண்டியது அந்த ஒன்றரை மைல். அவள் மகன் டேரிலுக்கு முப்பத்து மூன்று வயது. சின்ன வயதிலிருந்தே வலிப்பு, அதனால் காரோட்ட உரிமம் தரமாட்டார்கள். மார்லோ மரவாடியில் வேலை. காலையில் வெர்னா காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றால், “நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?” என்று கோபித்துக்கொள்வான். சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று மைல் பாதையில் போய், முட்புதரில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சரிவேறி அந்த நெடுஞ்சாலைக்குப் போவான். எரிவாயுக் கிணறுகளுக்குத் தண்ணீர் ஏற்றிப் போகும் லாரிகள் பேய்போல் பறக்கிற சாலை. அவன் வீடு திரும்பும்வரை வெர்னா ஜன்னலை விட்டு நகரமாட்டாள்.

இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஹூடாக் வீட்டு வழக்கம் அப்படி. சுரங்கம் மூடி அவள் புருஷன் ஸ்டீவ் வேலையிழந்த வருஷம், மாதா கோயிலிலிருந்து சாப்பாட்டுச் சாமான் பெட்டி ஒன்று வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஸ்டீவ் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் கோயில் படியிலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தான். வீட்டில் மாவு தீர்ந்துபோயிருந்த நாள் அது. அந்த ஊரில் பாதி வீடு இப்படித்தான்: ஊருக்காகக் கேட்கலாம், தனக்காகக் கேட்டால் நாக்கு அறுந்துவிடும். ஸ்டீவ் செத்த பிறகும் அந்த வீறாப்பை வெர்னா விடாமல் காப்பாற்றி வந்தாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அழமாட்டாள், அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. டப்பாவில் சில்லறையும், பாதையோரம் பெஞ்சுகளும் பெருகின.

நவம்பரில் ஒரு மூடுபனிக் காலை, லாரி ஒன்றின் பக்கக் கண்ணாடி டேரிலின் தோளில் பட்டு அவனைப் பள்ளத்தில் தூக்கி எறிந்தது. கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது. விலாவில் அடி. உயிர் தப்பியதே பெரிது என்றார்கள். பள்ளத்தில் இறங்கி அவனைத் தூக்கிக்கொண்டு வந்தது பெர்னியும் அவர் ஆட்களும்தான்.

ஆஸ்பத்திரி நடையில் வெர்னா உட்கார்ந்திருந்த அந்த ஒரு நாளுக்குள் ஹார்க்கர் எழுந்து நின்றுவிட்டது. மாலைக்குள் பெட்ரோல் பங்க், முடிதிருத்தும் கடை, மாதா கோயில் எங்கும் சுவரொட்டி: ‘டேரில் ஹூடாக் உதவி விருந்து. தீயணைப்பு மண்டபம். ஸ்பகெட்டி, பரிசுக் கூடைக் குலுக்கல், துப்பாக்கிக் குலுக்கல்.’ வெர்னாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாமென்பாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

விருந்தன்று மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. திருமதி ட்காச் நடுங்கும் கையால் வால்நட் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். டிக் வெஸ்ட்லேக் புத்தம்புது டயர் நாலு தூக்கிக் கொடுத்தார். வசூலில் பாதி ஜெயித்தவனுக்கு, மீதி டேரிலுக்கு என்று நடந்த சீட்டில் ஜெயித்தவன் தன் பாதியையும் வாளியிலேயே போட்டான். மார்லோவிலிருந்து மரவாடிக்காரர்கள் ஒரு கூட்டமாகத் தங்கள் பள்ளிக்கூடக் கால்பந்து அணியின் கோட்டுகளை மாட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பெர்னியே தன் கையால் இரண்டாம் தடவை பரிமாறினார்.

வெர்னாவைக் கல்யாணப் பெண்போல முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் குனிந்து கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள். அவளும் நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தாள். நல்லவர்கள்தான், தங்கமானவர்கள்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்ய இவர்களை மிஞ்ச ஆளில்லை. பிள்ளை விழாமலிருக்க ஒரு வாளி ஜல்லி கேட்டபோது எங்கே போயிருந்தார்கள் இத்தனை பேரும்?

வசூலான தொகையை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கைதட்டல் கூரையைப் பிளந்தது. வெர்னா எழுந்து நேராகச் சமையற்கட்டுக்குப் போனாள். பெர்னி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

“இதுல பாதி இருந்திருந்தா பாதை முடிஞ்சிருக்கும் பெர்னி.”

“எந்தப் பாதை?”

“எந்தப் பாதையா! ரெண்டு வருஷமா இந்த வாசல்லயே பிச்சைக்காரி மாதிரி உக்காந்திருந்தேனே, அந்தப் பாதை!”

“அது டூரிஸ்ட்டுக்குன்னுல்ல சொன்ன? ஐஸ்கிரீம் விக்கும், அது இதுன்னு.”

“டேரில் எந்த வழியா வேலைக்குப் போறான்னு உனக்குத் தெரியாது?”

“தெரியும். போகும்போது பார்ப்பேன், ஹாரன் அடிப்பேன். எத்தனையோ தரம் வண்டிய நிறுத்தி ஏறுடான்னுகூட சொல்லியிருக்கேன், ஏற மாட்டான்.” பெர்னி கையைத் துடைத்துக்கொண்டார். “ஆனா நீ சொல்லலையே வெர்னா. டேரிலுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஜல்லிய நானே என் தொப்பியில அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டியிருப்பேன்.”

பக்கத்தில் பெரிய ஸ்பகெட்டிக் கரண்டி கிடந்தது. அதை எடுத்து வீசலாம்போல இருந்தது அவளுக்கு. யார் மேல் வீசுவது என்றுதான் புரியவில்லை. அவன் மண்டையிலா, தன் மண்டையிலா? வெளியே வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, மறுபடி நன்றி சொல்லத் தொடங்கினாள்.

குளிர்காலம் முழுவதும் டேரில் வீட்டுச் சோபாவில் கிடந்தான். ஆஸ்பத்திரிச் செலவை லாரிக்காரனின் காப்பீடு ஏற்றுக்கொண்டது. விருந்துப் பணம் டேரிலின் பேரில் வங்கியில் அப்படியே இருந்தது. கால் ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள், முட்டையும் பன்றிக்கறியும் வைத்த தட்டைத் தள்ளிவிட்டு, “அம்மா, மார்லோவுல ஒரு ரூம் பார்த்திருக்கேன்” என்றான்.

“என்ன ரூம்?”

“மரவாடிக்கு நேர் எதிர்ல, ஹார்டுவேர் கடைக்கு மேல. இறங்கி ரோட்டக் கடந்தா வேலை. ஊர் குடுத்த காசு வாடகைக்கு ரெண்டு வருஷம் வரும்.”

வெர்னாவுக்குக் காதில் விழுந்தது, மூளையில் ஏறவில்லை. “பாதை போட்டுட்டா இங்கேருந்தே போயிட்டு வரலாமேடா.”

“போடும்போது போடுங்க. அதுவரைக்கும் ஒடிச்சுக்க எனக்கு இன்னும் ஒரு கால்தான் பாக்கி.”

“உனக்காகத்தானடா நாயா பேயா அலைஞ்சேன்! கண்டவன் வாசல்லயெல்லாம் நின்னேன்!”

“எனக்காகன்னு என்கிட்டயாவது சொன்னியாம்மா?” அவன் குரல் உயரவில்லை, அதுதான் இன்னும் எரிந்தது. “ஊர்ல எல்லார்கிட்டயும் ஐஸ்கிரீம் கதை. வீட்டுக்கு வந்து என்கிட்டயும் அதே ஐஸ்கிரீம். எனக்குக் கால் உடைஞ்சப்புறம் பெர்னி சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

அவள் அவன் தள்ளிய தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள். அவனே இறங்கி வந்தான். “வாடகை போக மிச்சத்தப் பாதைக்கு எடுத்துக்கோ.”

“உன் கால் உடைஞ்ச காசுல ஜல்லி வாங்க மாட்டேன்” என்றாள். சொன்ன பிறகுதான் அது ஸ்டீவின் குரல் என்று அவளுக்கே கேட்டது.

ஏப்ரலில் டேரில் போய்விட்டான். பெட்டியும் சைக்கிளும் அவள் காரில்தான் போயின. திரும்பி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வரவேண்டியவன் யாருமில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. உட்கார்ந்தபடியே அழுதாள்.

அந்த வாரம் குழு கூடியது. வந்தது அவளும் ஆர்லீனும் மட்டும்.

“இனி என்ன வெர்னா” என்றாள் ஆர்லீன், மெதுவாக. “டேரில் அங்கயே போயிட்டான். நமக்கும் முட்டி வலிக்குது. விட்டுடலாமே. இருக்கற பெஞ்சுல உக்காந்துட்டுப் போவோம்.”

அவள் சமாதானமாகத்தான் சொன்னாள். வெர்னாவுக்கோ உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. கோட்டைக்கூட மாட்டாமல் காரில் ஏறி, தீயணைப்பு மண்டபத்துக்கு வந்து நிறுத்தினாள். பெர்னி வாசலில் தீயணைப்பு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“பாதைக்குப் பணம் வேணும்” என்றாள்.

“மறுபடியும் டூரிஸ்ட்டா?”

“இல்ல.” வாழ்நாளில் சொல்லாத வாக்கியம், வெளியே வர முரண்டு பிடித்தது. “எனக்கு. எனக்கு வேணும். என் பையன் மார்லோவுல தனியா இருக்கான். வீடு வெறிச்சுனு கிடக்கு. நெனச்சா நான் நடந்து போய் அவனப் பார்த்துட்டு வரணும்.”

பெர்னி அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “உன் கார் பின்னால நிக்குதே.”

“நிக்கட்டும்.”

பெர்னி தண்ணீர்க் குழாயை மூடினார். கையைக் கால்சட்டையில் துடைத்தார். “சரி. இந்த வருஷத் துப்பாக்கிக் குலுக்கல் மொத்தமும் எடுத்துக்கோ. பத்தலன்னா மார்லோக்காரனுங்ககிட்ட நானே பேசறேன். அவனுங்களும் போடட்டும், பாதி அவனுங்க பக்கம்தான கெடக்கு.” என்றவர் குழாயைத் திறந்துவிட்டு வண்டிச் சக்கரத்தைக் கழுவக் குனிந்துவிட்டார்.

வெர்னா நின்ற இடத்திலேயே நின்றாள். கட்டிப்பிடித்து நன்றி சொல்ல வேண்டிய நேரம். அவளுக்கு வந்ததோ ஆத்திரம்.

“அவ்வளவுதானா?”

“வேற என்ன?”

“ரெண்டு வருஷம் பெர்னி! ரெண்டு வருஷம்!” தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். “என் பையன் கால் போயி, அவன் வீட்ட விட்டே போயி... இப்ப வந்து சரிங்கறியே! இத அன்னிக்கே சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு?”

பெர்னி நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

“நீ கேட்டதே இப்பத்தானேம்மா” என்றார்.